பேய் வீட்டுக்கு எத்தனை மார்க்? பிலடெல்பியா பக்கம் இரண்டு இடங்கள்

காரக்குழம்பு | 13 அக்டோபர் 2024, இரவு 10:42

அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு ஹாலோவீன் பேய் வீடுகளுக்குப் போய் வந்தோம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் போட்ட மார்க்கும் மனைவி போட்ட மார்க்கும் தலைகீழாக இருக்கின்றன. வீட்டில் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கள்.

முதல் இடம் ஒரு பண்ணை. நகரத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரம். குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். சோளமும் பூசணியும் விளைகிற நிலம், செப்டம்பர் கடைசியில் பேய்களுக்கு விட்டுவிடுவார்கள். ஆளுக்கு 45 டாலர். வரிசையில் முந்திப் போக இன்னொரு 25. கஞ்சத்தனத்தில் அதை வாங்கவில்லை. டிக்கெட்டில் எட்டரை மணி என்று போட்டிருந்தது, உள்ளே போனது பத்து ஐம்பதுக்கு. அதற்குள் காலெல்லாம் சேறு, வயிற்றில் மூன்று டம்ளர் ஆப்பிள் சைடர்.

டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டியில் காட்டுக்குள் ஒரு சுற்று, அப்புறம் சோளக்கொல்லைக்குள் நடை, கடைசியில் தானியக் கொட்டகைக்குள் கட்டிய பேய் வீடு. வண்டியில் ஓர் இடம் உண்மையிலேயே அபாரம். நடுக்காட்டில் டிராக்டரை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுநர் சும்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் மார்க்கே கொடுத்தேன்.

கொட்டகையில் எல்லாம் போயிற்று. எங்களுக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் நாற்பது பேர், இடைவெளியே இல்லாமல் ரேஷன் கடை வரிசை மாதிரி நகர்ந்தோம். முன்னால் போகிறவர் எந்த மூலையில் அலறினார் என்று பார்த்துவிட்டு அதே மூலையில் நாம் போய் அலற வேண்டும். வினாத்தாள் வெளியான பரீட்சை. முடிவில் வழக்கம்போல செயின்சா, அதாவது மரம் அறுக்கும் இயந்திர ரம்பம். எந்தப் பேய் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒருவர் செயின்சாவோடு நிற்கிறார். சங்க விதி ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது இடம் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. நகரத்துக்குள்ளேயே, ஃபேர்மவுண்ட் பகுதியில் இருக்கிறது. 1829-இல் திறந்து 1971-இல் மூடிய சிறை. இப்போது அருங்காட்சியகம். ஹாலோவீன் சமயத்தில் இங்கே 1991-லேயே பேய்க் காட்சி நடத்தத் தொடங்கிவிட்டார்கள், இடிந்துகொண்டிருந்த கட்டடத்தைக் காப்பாற்ற நிதி வேண்டும் என்று. பல வருடம் வேறு பெயரில் நடந்தது, 2021 முதல் ‘ஹாலோவீன் நைட்ஸ்’. ஒரே வீடு இல்லை, பல வீடுகள். நடுநடுவே உட்கார்ந்து குடிக்க இடம், சிறையின் வரலாற்றைச் சொல்லும் பகுதிகள். விளக்குப் போட்ட, சிகாகோ தாதா அல் கபோனின் அறையும் உண்டு (1929-இல் பிடிபட்டு எட்டு மாதம் போல இங்கே இருந்தார்).

சக்கரத்து ஆரங்கள் மாதிரி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் நீண்டு போகும் அறை வரிசைகள். ஒவ்வோர் அறைக்கும் கூரையில் ஒரே ஒரு சிறு வெளிச்சத் துளை. ஆரம்பத்தில் இங்கே ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அறையை விட்டு வெளியே கூட்டிப் போனால் தலைக்கு மேல் துணி மூடி. தனிமையில் இருந்தால் மனம் திருந்துவான் என்று நம்பி, நல்லெண்ணத்தில் செய்தார்கள். 1913-இல்தான் அந்த முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள். பேய் வேடக்காரர் யாரும் இல்லாத ஒரு நடைக்கூடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் மார்க்: பண்ணை 5/10, சிறை 8/10.
மனைவியின் மார்க்: பண்ணை 9/10, சிறை 6/10. “நீ சுவரை மார்க் போட்டிருக்கிறாய், நான் பேயை மார்க் போட்டேன்” என்கிறாள். சோளக்கொல்லையில் சிரித்த சிரிப்பில் அவளுக்கு மறுநாள் விலா வலி.

---

தமுக்கம்_வாசல் | 13 அக்டோபர் 2024, இரவு 11:15

45 டாலரா? மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் மரணக்கிணற்றுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ‘பேய் வீடு’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள். டிக்கெட் பத்து ரூபாய். உள்ளே சாக்குத் திரை, பச்சை பல்பு, கயிற்றில் ஆடும் எலும்புக்கூடு. ஒருவன் ஈரக் கையால் கழுத்தைத் தொடுவான். அவ்வளவுதான். எட்டு வயதில் நான் டிரவுசரை நனைத்தேன். அதுக்கு எத்தனை மார்க், சொல்லுங்கள் பார்ப்போம்.

---

காரக்குழம்பு | 13 அக்டோபர் 2024, இரவு 11:21

பத்து ரூபாய்க்கு அந்த விளைவு என்றால் பத்துக்குப் பத்து அண்ணே.

---

மின்மினி_22 | 14 அக்டோபர் 2024, காலை 7:50

அண்ணா, உங்கள் பண்ணைக்கு நான் வக்காலத்து வாங்கப் போகிறேன். ஏனென்றால் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் நான். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையம் நிதி திரட்ட ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பேய் வீடு நடத்துகிறது. நான் அங்கே இரண்டாவது வருடம். (விசா கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு: சம்பளம் கிடையாது. பீட்சா உண்டு, ஆறிப்போனது.)

முதலில் வரிசை. அக்டோபர் நடுவில் சனிக்கிழமை போனால் எந்த இடமாக இருந்தாலும் கூட்டம் ரயில் பெட்டி மாதிரிதான் வரும். ஒரு வேடக்காரருக்கு ஒரு முறை கத்திவிட்டு மறுபடி ஒளிந்துகொள்ளக் குறைந்தது பத்து, பதினைந்து விநாடி வேண்டும். உங்கள் கூட்டம் அதைத் தரவில்லை. அதே பண்ணைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, இல்லையென்றால் ஞாயிறு கடைசி வண்டிக்குப் போய்ப் பாருங்கள், வேறு இடம் போல இருக்கும்.

இரண்டாவது, செயின்சா. அதில் சங்கிலி இருக்காது, கழற்றிவிடுவோம். வெறும் எஞ்சின் சத்தமும் பெட்ரோல் வாசனையும்தான். வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. முடிந்துவிட்டது என்று தோள் தளர்கிற இடம் அது. அங்கே விரட்டினால் கூட்டம் தானாக வெளியே ஓடிவிடும், அடுத்த கூட்டத்துக்கு இடம் கிடைக்கும். எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே, ஆட்களை முன்னோக்கித்தான் பயமுறுத்த வேண்டும் என்பது. பின்னோக்கி ஓடவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். எதிரே வந்து கத்துவதைவிடப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருவது அதனால்தான்.

வெளியே வரிசையில் நிற்கும்போது முழங்காலில் சறுக்கிக்கொண்டு தீப்பொறி பறக்க வருவார்களே, பார்த்திருப்பீர்கள். முட்டிக்கவசத்திலும் கையுறையிலும் உலோகத் தகடு இருக்கும். கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 1973-இல் ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கியது. இந்தச் சறுக்கல் வித்தை அங்கே வேடம் போட்டவர்களிடமிருந்து வந்ததுதான். எனக்கு வராது. முயற்சி செய்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன். நீங்கள் வரிசையில் நிற்கும்போதே உங்கள் பெயர் எங்களுக்குத் தெரிந்துவிடும். நண்பர்களே காட்டிக்கொடுத்துவிடுவார்கள், “இவன்தான் ரொம்பப் பயப்படுவான்” என்று. அந்தப் பெயர் அறைக்கு அறை எங்களுக்குள் போகும். போன வருடம் ஒரு கூட்டம் தமிழில் பேசிக்கொண்டே வந்தது. “டேய் செந்தில், நீ முன்னாடி போ.” நான் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறேன். பெட்டி பக்கத்தில் வந்ததும் மெதுவாகக் கேட்டேன்: “செந்தில்... சாப்டியாப்பா?”

மனிதர் அவசர வழியாக வெளியேறி, காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாராம்.

---

தமுக்கம்_வாசல் | 14 அக்டோபர் 2024, காலை 8:04

பென்சில்வேனியாவில், இருட்டில், பிணம் தமிழில் பேசினால் நானும் ஓடுவேன் தாயி.

---

தண்ணீர்க்குழாய் | 14 அக்டோபர் 2024, பகல் 12:37

தீயணைப்புப் பொறியாளன் பேசுகிறேன். விருந்தைக் கெடுக்கிறவன் என்று எனக்கு வீட்டில் பெயர், இங்கேயும் வரட்டும்.

நியூ ஜெர்சி ஜாக்சனில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் ‘ஹான்டட் காஸில்’ என்று ஒன்று இருந்தது. டிரக் டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. 1984 மே 11 அன்று உள்ளே தீப்பிடித்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். சுவரில் மெத்தையாக வைத்திருந்த நுரை பற்றிக்கொண்டது. தண்ணீர் தெளிப்பான் கிடையாது. தீ அலாரமும் கிடையாது. இருட்டு, வளைந்து வளைந்து போகும் பாதை, எங்கே பார்த்தாலும் அலறல். எது நடிப்பு எது நிஜம் என்று யாருக்குத் தெரியும்? பேய் வீடு என்பதே மனிதருக்கு வழி தெரியாமல் செய்வதற்காகக் கட்டுவது. தீ விபத்தில் ஆளைக் கொல்வதும் வழி தெரியாமல் போவதுதான். பூங்கா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், 1985-இல் குற்றவாளி இல்லை என்று நடுவர் குழு சொல்லிவிட்டது. ஆனால் விதிகள் இறுகின.

இப்போது இந்த வகைக் கட்டடங்களுக்குக் கட்டட விதிகளில் தனிப் பிரிவே இருக்கிறது. தெளிப்பான் கட்டாயம். புகை உணர்கருவி வேலை செய்தால் விளக்குகள் எரிய வேண்டும், பயமுறுத்தும் ஒலிகள் தானாக நிற்க வேண்டும். அதனால் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். பேய் வீட்டுக்குள் திடீரென்று பளிச்சென்று வெளிச்சம் வந்து சத்தம் அடங்கினால் ‘ஷோ கெட்டுப்போச்சு’ என்று முனகிக்கொண்டு நிற்காதீர்கள். நடங்கள்.

காரக்குழம்பு, அந்தக் கொட்டகையில் வெளியேறும் வழிப் பலகைகள் கண்ணில் பட்டனவா?

---

காரக்குழம்பு | 14 அக்டோபர் 2024, பகல் 1:10

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். இரண்டு பார்த்தேன். மூன்றாவதைப் புகை இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது, அதையும் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

5 இப்போது 4.

---

மின்மினி_22 | 14 அக்டோபர் 2024, பகல் 1:26

இந்த ஒன்றில் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எங்களுடையதில் ஒவ்வோர் இரவும் திறப்பதற்கு முன்னால் ஒருவர் விளக்குப் போட்டு வழி முழுக்க நடந்து பார்ப்பார். நடத்துவதே தீயணைப்புக்காரர்கள் என்பதால் இருக்கலாம்.

---

லேத்துப்பட்டறை | 14 அக்டோபர் 2024, மாலை 6:48

அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். நாற்பது வருடம் கம்ப்ரசர் வேலை பார்த்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “டாக்டர் மாடி ஏறச் சொல்லியிருக்கார், பேயெல்லாம் எந்த மூலை” என்று கிளம்பிவிட்டார். வாசலில் இதய நோய், வலிப்பு, கர்ப்பம் என்று எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போனார். (இதை யாரும் பின்பற்ற வேண்டாம். எனக்குத்தான் நெஞ்சு வலி வந்தது.)

உள்ளே ஒரு ராட்சத ஓநாய் சுவரைப் பிளந்துகொண்டு பாய்கிறது. எல்லாரும் அலறுகிறார்கள். அப்பா நகரவில்லை. “வால்வு காத்து விடற சத்தம் மொதல்ல கேக்குது, அப்புறந்தான் ஓநாய் வருது. ஒரு சைலன்சர் போட்டிருந்தா தெரிஞ்சிருக்காது” என்றார். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் காற்றழுத்த சிலிண்டரில் ஓடுகின்றன. மின்மோட்டார் என்றால் மெதுவாகத்தான் வரும், இந்த வெடுக்கென்ற பாய்ச்சல் காற்றில்தான் கிடைக்கும். அடுத்த அறை, அதற்கடுத்த அறை, எல்லாவற்றிலும் ‘புஸ்’ என்ற சத்தம் வந்ததும் “இப்ப வரும் பாரு” என்று விரலைக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் வந்த அமெரிக்கக் குடும்பம் அவர் விரலைப் பார்த்தே தப்பித்துக்கொண்டு வந்தது.

அவரை ஒரே ஒரு இடம் அசத்தியது, சுழலும் குழாய். சுற்றிலும் புள்ளி புள்ளியாக ஒளிரும் பெரிய உருளை சுழல்கிறது, நடுவில் நாம் நடக்கும் பாலம். பாலம் அசையவே இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்துதான் வந்தார். வெளியே வந்ததும், “கண்ணு பொய் சொன்னா காலு நம்பிடுது” என்றார்.

அப்பாவின் மார்க் 7. கழித்த 3-உம் சைலன்சருக்காக.

---

சிராங்கூன்காரன் | 14 அக்டோபர் 2024, இரவு 9:02

சிங்கப்பூரிலிருந்து வணக்கம். எங்களுக்குப் பண்ணையும் கிடையாது, பழைய சிறைக்குள் போகவும் விட மாட்டார்கள். செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்தான். 2011 முதல் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கிறது. மூலக்கடை ஆர்லாண்டோ, அங்கே 1991-லேயே தொடங்கிவிட்டார்கள். இங்கே ஒரு வித்தியாசம், உள்ளூர்ப் பேய்களையும் உள்ளே விடுகிறார்கள். ஒரு வருடம் பொந்தியானாக் என்ற மலாய்ப் பேயை வைத்தே ஒரு வீடு. பிரசவத்தில் இறந்தவள், வெள்ளை உடை, வாழை மரம், பூ வாசனை. என்னுடன் வந்த மலாய் நண்பன் ஆறடி உயரம், பளு தூக்குகிறவன், அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். “செயின்சாக்காரன் எங்க பாட்டி வீட்டுக்கு வந்ததில்லை. இவள் வந்திருக்கிறாள்” என்றான்.

என் மார்க் முறை இதுதான்: அன்று இரவு கழிவறைக்குப் போகும்போது விளக்குப் போட்டேனா இல்லையா.

---

அரைப்புள்ளி | 15 அக்டோபர் 2024, காலை 9:33

இதையெல்லாம் டென்மார்க்கில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குக்காகப் படும் பயத்தை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. வைலே என்ற ஊரில் நடக்கும் ஒரு பேய் வீட்டுக்குள் 110 பேரை இதயத் துடிப்புக் கருவியோடு அனுப்பினார்கள். எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு ரசித்தீர்கள் என்று கேட்டும் வைத்தார்கள். 2020-இல் ஆய்வு வெளியானது. வரைபடம் போட்டால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வருகிறது. பயம் குறைவு என்றால் ரசனையும் குறைவு. பயம் மிதமிஞ்சினாலும் ரசனை குறைவு. நடுவில் மேடு. துடிப்பும் அப்படித்தான், சின்னச் சின்னதாக ஏறி இறங்கியவர்கள் ரசித்திருக்கிறார்கள், தடாலடியாக ஏறி இறங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

ஆக ‘அதிகம் பயந்தேன், அதனால் அதிக மார்க்’ என்ற கணக்கு தப்பு. காரக்குழம்பின் மனைவிக்குப் பண்ணை அந்த மேட்டில் விழுந்திருக்கிறது. காரக்குழம்புக்கு அது மேட்டின் இந்தப் பக்க அடிவாரம். செந்தில் அந்தப் பக்கம் உருண்டு விழுந்தவர். மூன்று பேர் மார்க்கையும் கூட்டி சராசரி போட்டால் யாருக்கும் பயன்படாத ஓர் எண் கிடைக்கும். இணையத்தில் நாம் பார்க்கிற நான்கு நட்சத்திரம் அதுதான்.

---

ஆவாரம்பூ | 15 அக்டோபர் 2024, பகல் 11:20

இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இதே பிலடெல்பியாவுக்கு வடமேற்கே, ஸ்பிரிங் சிட்டியில் பென்ஹர்ஸ்ட் இருக்கிறது. 2010-இலிருந்து பேய் வீடாக நடத்துகிறார்கள், பிரபலமானது. அலுவலகத்தில் எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. அது 1908-இல் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் என்று மாநில அரசு திறந்த விடுதி. அங்கே வாழ்ந்தவர்கள் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். குழந்தையாகப் போனவர்களும் நிறைய. 1968-இல் உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேமராவோடு உள்ளே போய் ஐந்து பகுதிகளாகக் காட்டினார். கட்டிலோடு கட்டப்பட்ட பிள்ளைகள், துணியில்லாமல் தரையில் கிடந்தவர்கள். 1974-இல் அங்கே இருந்த ஒரு பெண்ணின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 1977-இல் நீதிபதி அந்த விடுதி நடக்கும் விதமே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடெல்லாம் போய், 1987-இல்தான் மூடினார்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். ஐம்பது வருடம் முன்னால் பிறந்திருந்தால் “அங்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்று என்னிடம் சொல்லியிருப்பார்கள். அந்தச் சுவருக்குள் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு, உளறிக்கொண்டு, ‘பைத்தியம்’ வேடத்தில் வந்து என்னைப் பயமுறுத்த நான் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

---

தமுக்கம்_வாசல் | 15 அக்டோபர் 2024, பகல் 11:41

அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அங்கே வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதானே.

---

ஆவாரம்பூ | 15 அக்டோபர் 2024, பகல் 11:58

தெரியாது என்பதுதான் என் குறையே தம்பி. தெரிந்து போகிறவரோடு நான் வாதாடலாம்.

---

மட்டுறுத்துநர் | 15 அக்டோபர் 2024, பகல் 12:15

இதற்குக் கீழே வந்த நான்கு பதில்களை நீக்கியிருக்கிறேன். கருத்து மாறுபடலாம், ஒருவர் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டாம்.

---

காரக்குழம்பு | 15 அக்டோபர் 2024, மாலை 5:30

ஆவாரம்பூ அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. நான் சிறைக்கு எட்டு மார்க் போட்டவன். சுவர் பயமுறுத்தியது என்று எழுதினேன். அந்தச் சுவரும் யாரோ ஒருவர் அடைபட்டுக் கிடந்ததால்தானே பயமுறுத்தியது?

எனக்குள் நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள்: அங்கே டிக்கெட் பணம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. பகலில் போனால் கைதிகளின் கதையைக் கேட்கலாம், அமெரிக்கச் சிறைகளில் இன்று எத்தனை பேர் என்று காட்டும் பெரிய இரும்பு வரைபடம் ஒன்றும் முற்றத்தில் நிற்கிறது. ஆனால் பென்ஹர்ஸ்டிலும் அருங்காட்சியகம் இருக்கிறது, வரலாற்றுச் சுற்றுலா இருக்கிறது. பேய் வீட்டு வருமானம் இல்லாவிட்டால் கட்டடமே இடிந்துபோயிருக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆக ‘பணம் எங்கே போகிறது’ என்பது மட்டும் அளவுகோல் ஆகாது.

எனக்குக் கோடு விழுகிற இடம் வேடம். பூதம், பிணம், ஓநாய், கோமாளி, யாராக வேண்டுமானாலும் வரட்டும். அந்த இடத்தில் நிஜமாகத் துன்பப்பட்டவரே பேயாக வரக் கூடாது. கட்டி வைத்தவன் பேயாக வந்தால்கூடப் பரவாயில்லை, கட்டப்பட்டவர் பேயாக வருவது சரியில்லை.

---

ஆவாரம்பூ | 15 அக்டோபர் 2024, இரவு 8:12

இதை ஏற்றுக்கொள்கிறேன், பாதி.

இன்னொன்று, இது சந்தோஷமான செய்தி. ஹாலோவீன் என்றாலே ஆகாது என்று இல்லை. என் மகனுக்குக் கூட்டமும் சத்தமும்தான் ஆகாது, பேயைப் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பேய் வீட்டில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டு, ஒலியைக் குறைத்து, வெட்டி வெட்டி மின்னும் விளக்கை நிறுத்தி வைக்கிறார்கள். வேடக்காரர்கள் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். என் மகன் ஒரு பூதத்திடம் அதன் பல் எந்தக் கம்பெனிப் பசையில் ஒட்டியிருக்கிறது என்று இருபது நிமிடம் விசாரித்தான். பூதம் பொறுமையாகப் பதில் சொன்னது. அந்தப் பூதத்துக்கு என் மார்க் பத்து.

---

லேத்துப்பட்டறை | 15 அக்டோபர் 2024, இரவு 8:40

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பையனை நம்ம பட்டறைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு” என்கிறார்.

---

தெம்பில்லாதவன் | 16 அக்டோபர் 2024, காலை 6:55

நடுவில் வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். முதல் முறை போகிறோம், நண்பர்கள் ஆறு பேர், ஒருத்தி பயந்த சுபாவம். தொடுவார்களா?

---

மின்மினி_22 | 16 அக்டோபர் 2024, காலை 7:30

பெரும்பாலான இடங்களில் தொட மாட்டார்கள், நீங்களும் அவர்களைத் தொடக் கூடாது. சில இடங்களில் ஒளிரும் கழுத்து வளையம் கொடுப்பார்கள். ஆனால் ஓரிடத்தில் அதைப் போட்டால் ‘என்னைத் தொடலாம்’ என்று அர்த்தம், இன்னோரிடத்தில் ‘என்னை விட்டுவிடு’ என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் வாழ்க்கை பாடமாகிவிடும்.

பயந்த தோழியை நடுவில் விடுங்கள். முதல் ஆளும் கடைசி ஆளும்தான் எங்கள் குறி. அவள் பெயரை மட்டும் வரிசையில் நிற்கும்போது சொல்லிக் கூப்பிடாதீர்கள். வளைந்து கொடுக்கும் ஷூ, பழைய பேன்ட். நடுவில் முடியவில்லை என்றால் வேடம் போட்ட யாரிடமாவது நேராகச் சொல்லுங்கள், உடனே குரலை மாற்றி வெளியே கூட்டிக்கொண்டு போய் விடுவோம். போன வாரம் ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாக நான்தான் அழைத்துப் போனேன், முகமெல்லாம் ரத்தத்தோடு.

---

காரக்குழம்பு | 21 அக்டோபர் 2024, நள்ளிரவு 12:48

மின்மினி சொன்னபடி நேற்று ஞாயிறு, கடைசி வண்டி, அதே பண்ணை. காத்திருந்தது பதினெட்டு நிமிடம். கொட்டகைக்குள் எங்கள் இருவரையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர். போன தடவை இரண்டாவது அறையில் வெறும் பழைய அலமாரி என்று நினைத்துக் கடந்துபோன பொருளுக்குள் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். எனக்கு அடுத்து நான்கு அறைகள் நினைவில்லை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்று அவள் சொல்கிறாள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

புகை இயந்திரத்தை இடம் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது பலகை தெளிவாகத் தெரிந்தது. அதாவது, கண்ணைத் திறந்தபோது தெரிந்தது.

புது மார்க்: நான் 8. அவள் 7. “நீ கத்தினதுல பேய் சொன்னது ஒண்ணும் கேக்கல” என்று இரண்டு குறைத்துவிட்டாள். பஞ்சாயத்து தொடர்கிறது.

---

அரைப்புள்ளி | 21 அக்டோபர் 2024, காலை 8:15

மாதிரி அளவு நான்கு. இருந்தாலும் மகிழ்ச்சி.

---

மின்மினி_22 | 21 அக்டோபர் 2024, மாலை 4:05

எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை விழுகின்றன. எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ரத்தம் பூசிக்கொள்ளத் தெம்பில்லை, அன்று லீவு போட்டுவிட்டேன். சவப்பெட்டிக்கு மாற்று ஆள் வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு நல்ல காரியம்.

---

காரக்குழம்பு | 21 அக்டோபர் 2024, மாலை 4:31

நான் வருகிறேன். என்ன செய்ய வேண்டும்?

---

மின்மினி_22 | 21 அக்டோபர் 2024, மாலை 4:33

படுத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம். உயரம் எவ்வளவு அண்ணா?

---

காரக்குழம்பு | 21 அக்டோபர் 2024, மாலை 4:35

ஐந்தடி எட்டு.

---

மின்மினி_22 | 21 அக்டோபர் 2024, மாலை 4:36

பெட்டி ஐந்தடி நான்கு. முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள்.